பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் உளவியல் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, மேல்நிலையில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு வீடுகளில் தொடங்கிவிடுகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் பாடப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது. அதைப் பற்றி மாணவர்களும் பெற்றோர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே விடை தரப்பட்டுள்ளது. விடைகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. மதிப்பெண் பங்கீடு ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறக்கூடும் என்பதால், சேரும் ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை வாரியத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உளவியல் எந்தப் பள்ளிகளில் கிடைக்கும்?

சி.பி.எஸ்.இ. வாரியத்தில் இது 037 என்ற குறியீட்டு எண் கொண்ட விருப்பப் பாடம். ஐ.எஸ்.சி. பள்ளிகளிலும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் மேல்நிலை அளவில் உளவியல் உண்டு. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பரவலாகக் கிடைக்கும் ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப் போன்ற பிரிவுகளில் இதற்கு இடமில்லை.

வாரியத்தின் பட்டியலில் இருப்பதால் மட்டுமே ஒரு பாடம் எல்லாப் பள்ளியிலும் நடத்தப்படுவதில்லை. ஆகவே, சேர்க்கைக்கு முன் பள்ளியில் "உளவியல் இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதை நடத்துகிறவர் யார், அவர் உளவியலில் முதுகலை படித்தவரா, வேறு பொறுப்பு எதையும் சேர்த்துப் பார்க்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியின் ஆலோசகரையே பாடமும் நடத்தச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தன் மனக்கவலையைச் சொல்லப் போகும் இடத்திலேயே செய்முறைக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் போடப்படுகிறது என்றால் மாணவருக்குச் சங்கடம்தான். பதினொன்றாம் வகுப்பில் எடுத்த பாடத்தையே பன்னிரண்டிலும் தொடர வேண்டும் என்பதால், இந்த விசாரணையை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

அடுத்தவர் மனத்தில் உள்ளதைக் கண்டறியும் வித்தையை இதில் கற்றுத் தருவார்களா?

இல்லை. முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்வது, கையெழுத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்வது போன்றவற்றுக்கு இந்தப் பாடத்தில் இடமில்லை. மனித நடத்தையைப் பற்றி ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதற்கு என்ன சான்று, அந்தச் சான்று எப்படித் திரட்டப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தையே இது முதலில் கற்றுத் தருகிறது.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் மறதியை அளந்த விதத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அர்த்தமுள்ள சொற்களைப் பயன்படுத்தினால் முன்பே தெரிந்த விஷயங்கள் வந்து கலந்துவிடும் என்று எண்ணிய அவர், இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்து எந்தப் பொருளும் இல்லாத அசைகளை உருவாக்கினார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, வெவ்வேறு இடைவெளிகளுக்குப் பிறகு மீண்டும் கற்றுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். படித்து முடித்த முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக நிகழ்கிறது, பிறகு அதன் வேகம் குறைகிறது என்ற முடிவை 1885-ஆம் ஆண்டு வெளியிட்டார். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் விழித்துப் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லும் அறிவுரையைவிட இந்த ஒரு சோதனை கூடுதலாக உறைக்கும்.

இது கலைப் பாடமா, அறிவியல் பாடமா?

பள்ளி நிர்வாகம் கால அட்டவணை வசதிக்காக இதைப் பெரும்பாலும் மானுடவியல் (ஹியூமானிட்டீஸ்) பிரிவில், வரலாறு, அரசியல் அறிவியலோடு வைக்கிறது. பாடத்தின் வரலாறோ ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். இந்தியாவில் 1915-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடமும், அடுத்த ஆண்டு தனித் துறையும் உருவாயின, பொறுப்பேற்ற என்.என். சென்குப்தா வுண்ட் வழிவந்த சோதனை மரபில் பயின்றவர். தெற்கே மைசூர் பல்கலைக்கழகத்தில் 1924-இல் துறை தொடங்கியது. இன்றும் பல கல்லூரிகளில் ஒரே பாடத்துக்கு பி.ஏ., பி.எஸ்ஸி. என்று இரண்டு பட்டங்களும் இருப்பதைப் பார்த்தால், இந்தக் கேள்வி பல்கலைக்கழகங்களிலேயே தீராமல் இருப்பது தெரியும்.

இரண்டு ஆண்டுகளிலும் என்னென்ன படிக்க வேண்டும்?

என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் ஆண்டுக்கு ஒரு பாடநூல்தான் அடிப்படை. பதினொன்றாம் வகுப்பில் உளவியல் என்றால் என்ன என்பதில் தொடங்கி, ஆய்வு முறைகள், மனித வளர்ச்சி, புலன் உணர்வும் கவனமும், கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கமும் மனவெழுச்சியும் என்று எட்டு அலகுகள் உள்ளன. இவற்றுள் ஆய்வு முறைகள் என்ற அலகை மாணவர்கள் வறட்சியானது என்று ஒதுக்குவது வழக்கம்; எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் அதற்குத்தான் 13 மதிப்பெண், மற்ற எந்த அலகையும்விட அதிகம். அதைப் புரிந்துகொள்ளாத மாணவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை வெறும் சடங்காகிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஏழு அலகுகள். நுண்ணறிவு முதலான உளப்பண்புகளில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு, தன்னிலையும் ஆளுமையும், வாழ்க்கைச் சவால்களை எதிர்கொள்ளுதல், உளக் கோளாறுகள், சிகிச்சை அணுகுமுறைகள், மனப்பான்மை, குழுவின் தாக்கம் என்று அவை செல்கின்றன. முதல் இரண்டுக்கும் தலா 13, உளக் கோளாறுகளுக்கு 12. பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கோளாறுகள் அலகை எதிர்பார்த்தே பாடத்தில் சேர்கிறார்கள் என்பதால், அதற்கு வந்து சேரப் பதினெட்டு மாதம் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

அந்த அலகு வரும்போது ஆசிரியர்கள் நம் ஊரோடு சேர்த்துப் பாடம் நடத்தினால் நன்றாக இருக்கும். மனநோயைப் பேயின் செயலாகக் கருதிய காலம் என்று பாடநூல் பழங்காலத்தைப் பற்றிச் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள், பலி 28. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பழங்காலம் என்று பாடநூல் வகைப்படுத்தும் நம்பிக்கைகள் எவ்வளவு அண்மையில் இருந்தன என்பது இதைச் சொன்னால் மாணவருக்குப் புரியும்.

பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் உண்மையாகவே என்ன செய்வார்கள்?

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என்பது இரண்டு ஆண்டுக்கும் பொது. பதினொன்றில் ஒரு திட்டப்பணியும் இரண்டு சோதனைகளும் செய்ய வேண்டும். பல பள்ளிகளில் நடக்கும் ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொன்னால் இந்தப் பாடத்தின் இயல்பு விளங்கும்.

மேசையில் ஒரு பலகை. அதில் இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம். பலகைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி நிற்கிறது. சோதனைக்கு உட்படுபவர் தன் கையையும் நட்சத்திரத்தையும் நேரடியாகப் பார்க்க முடியாதபடி ஒரு தகடு மறைத்திருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் இடையே பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றிவர வேண்டும். நேர்க்கோட்டில் ஓரளவு சமாளித்தவர்கள் முனை திரும்பும் இடத்தில் திணறிவிடுவார்கள். மேலே போக வேண்டிய பென்சில் கீழே இறங்கும். திருத்த முயன்றால் இன்னும் கோணும். கை அங்கேயே நின்று நடுங்கும். சோதனை நடத்தும் மாணவர் ஸ்டாப்வாட்சில் நேரத்தையும், கோட்டைத் தாண்டிய தடவைகளையும் குறித்துக்கொள்வார்.

முதலில் இடக்கையால் ஒருமுறை, பிறகு வலக்கையால் பலமுறை பயிற்சி, கடைசியில் மீண்டும் இடக்கையால் ஒருமுறை. இடக்கைக்கு இடையில் பயிற்சியே தரவில்லை என்றாலும், கடைசி முறையில் அதன் நேரமும் பிழைகளும் குறைந்திருக்கும். ஒரு கை பெற்ற பயிற்சி மறு கைக்கும் சென்று சேர்கிறது என்பது இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு.

இந்த இடத்தில் நல்ல மாணவர் ஒரு கேள்வி கேட்பார். இடக்கைக்குத்தான் முதலில் ஒரு வாய்ப்புக் கிடைத்ததே, அந்த ஒரு முறைப் பழக்கத்தாலேயே அது தேறியிருக்கக் கூடாதா? வலக்கைப் பயிற்சியின் பங்கைத் தனியே பிரித்தறிய வேண்டுமானால், இன்னொரு குழுவை எடுத்து, அவர்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் பயிற்சி தராமல் ஓய்வு மட்டும் கொடுத்து, இரண்டாம் முறை இடக்கையால் வரையச் சொல்லி ஒப்பிட வேண்டும். கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த வரையறையாலும் தர முடியாது. குறிப்பேட்டின் வரம்புகள் என்ற தலைப்பில் இதை எழுதும் மாணவருக்குப் பாடம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பன்னிரண்டில் நுண்ணறிவு, நாட்டத்திறன், மனப்பான்மை, ஆளுமை போன்ற பண்புகளை அளக்கும் ஐந்து உளச்சோதனைகளை நடத்தி, விளக்கம் எழுத வேண்டும்; கூடவே ஒருவரைப் பற்றிய தனியாள் ஆய்வும் உண்டு. வாரியச் செய்முறைத் தேர்வில் குறிப்பேட்டுக்கும் தனியாள் ஆய்வுக்கும் 10, வாய்மொழித் தேர்வுக்கு 5, இரண்டு சோதனைகளை நடத்தி எழுதுவதற்கு 15.

சோதனையை நடத்துவது என்றால் வினாத்தாளைக் கொடுத்து வாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வந்தவரை உட்காரவைத்து, ஓரிரு வார்த்தை பேசி இயல்பாக்கி, எதற்காகச் செய்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற்று, கையேட்டில் உள்ள அறிவுறுத்தலை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்து, நேரத்தைத் தொடங்க வேண்டும். இடையில் அவர் "இதற்கு எதைப் போடட்டும்?" என்று கேட்டால் உதவக் கூடாது. அவர் பெருமூச்சு விட்டதையும், திரும்பத் திரும்ப அழித்து எழுதியதையும் கவனித்து, நடத்தைக் குறிப்பு என்ற பகுதியில் எழுத வேண்டும். பெயரை எழுதக் கூடாது. முதலெழுத்தும் வயதும் கல்வியும் போதும்.

ரேவனின் வரிசைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலை வெட்டப்பட்ட கோலத்தைக் காட்டி, அந்த இடத்தில் எந்தத் துண்டு பொருந்தும் என்று கேட்கும் சோதனை அது. அதன் பொது வடிவத்தில் ஐந்து தொகுதிகளில் தலா 12 என்று 60 கேள்விகள் உள்ளன. ஒருவர் 45 சரியாகச் செய்தார் என்றால், அந்த 45 தனியாக எதையும் சொல்லாது. கையேட்டின் அட்டவணையில் அவருடைய வயதுக்குரிய வரிசையில் அந்த எண் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே பெர்சன்டைல் 75 என்று வந்தால், அவர் நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கினார் என்று எழுதுவது தவறு; அதே வயதினரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருடைய மதிப்பெண் இவருடையதைத் தாண்டவில்லை என்பதே பொருள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கட்டாயம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. அந்த அட்டவணை எந்த நாட்டு, எந்தக் காலத்து மக்களை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

செய்முறைக்காகப் பணம் கொடுத்து முடிக்கப்பட்ட குறிப்பேடுகளை வாங்கும் வழக்கம் ஆங்காங்கே இருக்கிறது. எண்களை இட்டுக்கட்டி எழுதிய மாணவர் வாய்மொழித் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்; சோதனையை நடத்தியவருக்கோ அந்த ஆள் எந்தக் கேள்வியில் தயங்கினார் என்பதுகூட நினைவிருக்கும்.

இது மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் பாடம் என்கிறார்களே?

பாதி உண்மை. செய்முறைக்கு 30 மதிப்பெண் இருப்பதாலும், கணக்கு இல்லாததாலும், ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது. எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 விழுக்காடு பெற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சிக்கல் எழுதும் முறையில் வருகிறது. வாழ்க்கையில் தெரிந்த விஷயங்களைப் பற்றியே கேள்விகள் இருப்பதால், படிக்காமலே எழுதிவிடலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. தேர்வுத் தேதி அறிவிக்கப்பட்டதும் ஒரு மாணவி கலங்கிப்போகிறாள், அவளுடைய தோழி உற்சாகமாகத் திட்டமிடுகிறாள், இந்த வேறுபாட்டை விளக்குக என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "முதல் மாணவிக்குத் தன்னம்பிக்கை இல்லை, அவள் யோகா செய்ய வேண்டும்" என்று எழுதுபவருக்கு மதிப்பெண் கிடைக்காது. லாசரஸ் என்ற உளவியலாளர் சொல்லும் முதல்நிலை மதிப்பீட்டில் ஒருத்தி அந்தச் செய்தியை அச்சுறுத்தலாகவும் மற்றவள் சவாலாகவும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், இரண்டாம்நிலை மதிப்பீட்டில் தம்மிடம் உள்ள நேரம், தயாரிப்பு, துணை ஆகியவற்றை எடைபோடுகிறார்கள் என்றும், நெருக்கடி என்பது நிகழ்ச்சியில் மட்டும் இல்லாமல் அந்த எடைபோடுதலிலும் இருக்கிறது என்றும் எழுதுபவருக்கே முழு மதிப்பெண். ஆறு மதிப்பெண் விடை சுமார் 200 சொல் அளவில் எதிர்பார்க்கப்படுகிறது; பக்கம் பக்கமாக எழுதுவதால் பயனில்லை. ஒரு சூழ்நிலையைக் கொடுத்து அதன்மேல் கேட்கப்படும் கேள்விகளும் வினாத்தாளில் இருக்கின்றன.

எழுதப் பிடிக்காத, படித்ததை ஒரு வரிச் சூத்திரமாக மாற்றிக்கொண்டால்தான் நிம்மதி என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் மகள் மனநல மருத்துவராக விரும்புகிறாள். இந்தப் பாடம் போதுமா?

போதாது, இங்குதான் பல குடும்பங்கள் தவறான பாதையில் இறங்கிவிடுகின்றன. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். அதற்கு நீட் தேர்வு எழுத வேண்டும். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். மானுடவியல் பிரிவில் உளவியலை எடுத்துப் படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. உயிரியல் பிரிவில் கணிதத்துக்கோ கணினி அறிவியலுக்கோ பதிலாக உளவியலை எடுக்கும் வாய்ப்பைச் சில பள்ளிகள் தருகின்றன. மருத்துவக் கனவு உள்ள பிள்ளைக்கு அது நல்ல சேர்க்கை. இடம் கிடைக்காவிட்டாலும் உளவியல் பட்டப்படிப்புக்குப் போகலாம்.

மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு. அவர் மருந்து எழுதித் தருவதில்லை. சோதனைகள் மூலம் மதிப்பிடுவதும் உளச்சிகிச்சை தருவதும் அவர் பணி. இதற்கு உளவியலில் இளங்கலை, முதுகலை முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தொழிற்பயிற்சிப் படிப்பையும் முடித்து, அந்த மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே நெடுங்காலமாக இதற்குரிய வழியாக இருந்துவந்தது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய மனநல நிறுவனம் அதற்குப் பெயர்பெற்ற இடம். புதிய கல்விக் கொள்கைக்குப் பின் இந்தப் பட்டங்களின் பெயரும் அமைப்பும் மாறிவருவதால், இன்று பதினொன்றில் சேரும் பிள்ளை அந்தக் கட்டத்தை எட்டும்போது நிலவும் விதியை அப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எப்படியும் பள்ளிக்குப் பிறகு ஏழு ஆண்டு அளவிலான பயணம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இளங்கலை முடித்தவுடன் ஆலோசனை மையம் திறந்து பெயர்ப்பலகை மாட்டுகிறவர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கல்லூரியில் உளவியல் சேரப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி நிபந்தனை இல்லை. சென்னை மாநிலக் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவற்றில் உளவியல் பட்டப்படிப்பு உண்டு. வேறு பிரிவுகளிலிருந்து வருபவர்களும் அங்கே படிக்கிறார்கள். பள்ளியில் படித்தவருக்கு முதல் ஆண்டு எளிதாக இருக்கும், அவ்வளவுதான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வில் உளவியல் ஒரு தேர்வுப் பாடமாக இருப்பதால், டெல்லி போன்ற இடங்களுக்கு முயல்பவர்களுக்குக் கூடுதல் பயன் உண்டு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ஆம் ஆண்டு அறிவித்துள்ளது. "வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்துவிடலாம்" என்ற பழைய கணக்கு இனி பலிக்காது.

சிகிச்சைத் துறைக்குப் போகாவிட்டால் இந்தப் படிப்பால் என்ன பயன்?

மனிதவளம், சந்தை ஆய்வு, சிறப்புக் கல்வி, சமூகப்பணி, ஆசிரியர் பணி ஆகியவற்றுக்குப் போகிறார்கள். பி.எட். படிப்பில் கல்வி உளவியல் கட்டாயப் பாடம் என்பதால் அங்கும் உதவும். சட்டமோ இதழியலோ படிக்க நினைப்பவருக்கும் இது இடையூறாக இருக்காது. இளங்கலைப் பட்டத்தோடு நல்ல சம்பளம் உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாடத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஒரு நோயின் பெயரைச் சூட்டுகிறான். என்ன செய்வது?

உளக் கோளாறுகள் அலகைப் படிக்கும் பருவத்தில் இது ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். அலமாரியை ஒழுங்காக அடுக்கும் அத்தைக்கு ஓ.சி.டி., காலையில் சிரித்து மாலையில் கோபிக்கும் அக்காவுக்கு பைபோலார், பரணில் பேப்பர் சேர்த்துவைக்கும் தாத்தாவுக்கு இன்னொன்று. தனக்கே எல்லாம் இருப்பதாக நினைத்து இரவில் தூங்காத பிள்ளைகளும் உண்டு. மருத்துவ மாணவர்களிடம் இது நெடுங்காலமாகக் காணப்படும் பழக்கம்.

கண்டித்து நிறுத்துவதைவிட, பாடநூலையே திறந்து காட்டச் சொல்லுங்கள். இயல்பு மீறிய நடத்தையை அடையாளம் காண அது நான்கு கூறுகளைப் பேசுகிறது: பொது வழக்கிலிருந்து விலகியிருத்தல், அந்த நபருக்கோ மற்றவருக்கோ துன்பம் தருதல், அன்றாடச் செயல்பாட்டைக் குலைத்தல், ஆபத்து விளைவித்தல். அத்தை அலமாரியை அடுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அதனால் அவருக்கு வேலை கெடவில்லை, நேரம் வீணாகவில்லை. ஓ.சி.டி. உள்ளவருக்கோ அந்த எண்ணம் வேண்டாத விருந்தாளி. விரட்ட முடியாமல் மணிக்கணக்கில் கையைக் கழுவிக்கொண்டிருப்பார். இந்த வேறுபாட்டைப் பிள்ளை தானே சொல்லி முடித்தால், அந்த அலகுக்கான திருப்புதலும் நடந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் யாரையும் நோயறியத் தகுதியாக்குவதில்லை என்பதை ஆசிரியரும் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கே மனக்கஷ்டம் இருக்கிறது. இந்தப் பாடத்தை எடுத்தால் சரியாகுமா?

தன் வலிக்குப் பெயர் தெரிந்துகொள்ளும் ஆசையில் இதை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. பாடத்தைச் சிகிச்சைக்குப் பதிலாக வைத்துவிடுவதுதான் தவறு. மனச்சோர்வின் அறிகுறிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது, உள்ளே அதையே அனுபவித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கடினமாகவே இருக்கும். முதலில் மருத்துவரையோ தகுதியுள்ள உளவியலாளரையோ பாருங்கள். பாடத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடமும் கேட்டு முடிவு செய்யலாம். 1794-இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளிகளையும் பார்க்கிறார்கள். உடனடியாகப் பேச வேண்டும் என்றால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பாடநூல் பழையது என்று சொல்கிறார்களே, உண்மையா?

சில இடங்களில் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் பத்தாம் பதிப்பைப் பாடநூல் குறிப்பிடுகிறது; பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஃபிராய்டின் கருத்துகளுக்கு இன்றைய ஆய்வுலகம் தரும் இடத்தைவிடப் பாடநூல் அதிக இடம் தருகிறது என்பதும் என் எண்ணம். மறுபுறம், ஒடிசாவில் பிறந்த ஜே.பி. தாஸ் மற்றவர்களோடு சேர்ந்து 1994-இல் முன்வைத்த, திட்டமிடல், கவனம், ஒருங்கே செயலாக்கம், தொடர்ச் செயலாக்கம் ஆகியவற்றை வைத்து நுண்ணறிவை விளக்கும் கொள்கைக்கு அது உரிய இடம் தந்திருப்பது பாராட்டத் தக்கது. தேர்வில் பாடநூல் சொல்வதை எழுதிவிட்டு, வகுப்பில் அதைக் கேள்வி கேட்கும் மாணவரே இந்தப் பாடத்துக்கு ஏற்றவர்.

தமிழ்வழியில் படித்தவர்கள் இதை எடுக்க முடியுமா?

எடுக்கலாம், ஆனால் பாடநூல் தமிழில் இல்லை, தேர்வும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். கணக்கையோ இயற்பியலையோ போல எண்களும் சமன்பாடுகளும் இங்கே கைகொடுக்காது. விடை முழுவதும் வாக்கியங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் சுமையாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே சேர வேண்டும். கருத்தை முதலில் தமிழில் தன் சொந்த உதாரணத்தோடு சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் பலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

தனிப்பயிற்சி தேவையா? வகுப்பு தொடங்கும் முன் என்ன செய்யலாம்?

ஆசிரியர் ஒழுங்காக வருகிறார் என்றால் டியூஷன் தேவையில்லை. பாடநூலை வரி விடாமல் இரண்டு முறை படிப்பதும், பழைய வினாத்தாள்களுக்கு விடை எழுதிப் பார்ப்பதும் போதும்.

விடுமுறையில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், பதினைந்து எளிய தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் ஒருவரிடம் நொடிக்கு ஒன்றாகச் சீராக வாசித்துக் காட்டி, முடிந்தவுடன் நினைவில் இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதச் சொல்லிப் பாருங்கள். பட்டியலின் தொடக்கத்தில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் அதிகமாக எழுதப்பட்டு, நடுவில் வந்தவை விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொருவரிடம் வேறு பதினைந்து சொற்களை வாசித்து முடித்ததும், எழுதவிடாமல் அரை நிமிடம் நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லிவிட்டு, பிறகு எழுதச் சொல்லுங்கள். இந்த முறை கடைசிச் சொற்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து, காரணத்தை நீங்களே ஊகித்து எழுதிவையுங்கள். பதினொன்றாம் வகுப்பின் நினைவு பற்றிய அலகு வரும்போது அந்தத் தாளை எடுத்துச் சென்று ஆசிரியரிடம் காட்டலாம்.